முளைதிறன்

ஈரக் கடதாசியில் நூறு நெல்மணிகள்,
வரிசைக்குப் பத்தாய்.
ஏழாம் நாள் எண்ணுவேன்.
தொண்ணூறு முளைத்திருந்தால் மூட்டைக்குச் சீட்டு.
குறைந்தால், கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்காமல்
கொப்பியில் எழுதிவிடுவேன்.
பதினொரு வருடமாக என் உத்தியோகம் இது.

இன்று அறுபத்திரண்டில் நிற்கும்போது
பாடசாலையிலிருந்து அழைப்பு:
திலோஜன் ஒருவனுக்கு அடித்துவிட்டான்,
கொம்பாஸ் பெட்டியால்.
புருவத்தில் மூன்று தையல்.

சம்மாந்துறையிலிருந்து தம்பிலுவில் வரை
பஸ் யன்னலால் கச்சான் காற்று
மணலை அள்ளி எறிந்துகொண்டே வந்தது.
அதிபரின் அறையில் மிச்சமிருந்தது ஒரு கதிரை.
கதவோரம் நின்ற ஆசிரியை
குரலைத் தாழ்த்தி, எனக்குக் கேட்கும் அளவுக்கு:
"விளையும் பயிர் முளையிலே தெரியும்தானே மிஸ்.
தகப்பன்ட கை."

ஊருக்குத் தெரியும் அந்தக் கையை.
எனக்கு இன்னும் துல்லியமாக:
ஓங்குவதற்கு முன்
இடது காதை ஒருதரம் தேய்க்கும்.
மகனுக்கு மூன்று மாதம் நடக்கும்போது
அந்தக் கை கட்டாருக்குப் போனது.
காசும் வரவில்லை, கையும் வரவில்லை.
மகன் அதைக் கண்டதே கிடையாது.
ஆனாலும் கணக்குப் பிழைக்கும்போது
அவன் இடது காதைத் தேய்க்கிறான்.
முதன்முதல் அதைக் கண்ட அன்று
பால் பொங்கி அடுப்பை அணைக்கும்வரை
பார்த்துக்கொண்டே நின்றேன்.

மிஸ், நான் தினமும் முளை பார்க்கிறவள்.
வில்லை வைத்துப் பார்க்கிறவள்.
முளையில் தெரிவது ஒன்றே ஒன்று:
முளைத்திருக்கிறது.

ஒரே மூட்டை விதைநெல்.
பாதி, சாகாமக் குளத்து நீர் பாயும் வயலுக்கு.
பாதி, களப்போரத்து உவர்நிலத்துக்கு.
போன மாசியில் இரண்டையும் போய்ப் பார்த்தேன்.
குளத்தடியில் கதிர் பாரம் தாங்காமல் படுத்துக் கிடந்தது.
களப்போரத்தில் நுனி கருகி, முழங்காலளவில்,
நெல்லா புல்லா என்று கேட்கும்படி.
ஆதம்லெவ்வைக் காக்கா வரம்பில் குந்தியிருந்து கேட்டார்,
"விதை பிழையா புள்ள?"
இல்லை என்றேன்.
"அப்ப மண் பிழையா?"
அதற்கும் இல்லை என்றேன். அதே மண்ணில்
முந்தின வருடம் வேறோர் இனம் விளைந்திருந்தது.
சம்பளம் வாங்கிக்கொண்டு
விடை சொல்லாத ஒருத்தியைப் பார்ப்பதுபோல
என்னைப் பார்த்தார்.

இரவு நான் ஏசவில்லை.
சோறு போட்டு, மீனில் முள் எடுத்து வைத்து,
ஏன் மனே அடிச்சாய் என்றேன்.
வெகுநேரம் கோப்பையைப் பார்த்திருந்தான்.
"அவன் மேசை மூடிய டப்பெண்டு அடிச்சவன்.
வேணாமெண்டு சொன்னன்.
மறுகா மறுகா அடிச்சவன்."
அதுக்கு?
"தெரியா. உள்ளுக்க என்னவோ பாஞ்ச."

பக்கத்து வளவில் யாரோ
தகரப் படலையைச் சாத்தினார்கள்.
என் தோள் எழும்பி இறங்கியது,
பதின்மூன்று வருடமாக எழும்புவதுபோல.
திலோஜன் படலைப் பக்கம் திரும்பவேயில்லை.
என் தோளைப் பார்த்தான்.
அவன் தோளும் எழும்பியிருந்தது.
ஒரு நொடி பிந்தி.

பிளேன் வைத்து அனுப்பிய கையை
நான்தான் வீட்டில் வைத்திருந்திருக்கிறேன்.
கதவுகளை மெல்லச் சாத்தப் பழக்கி,
மூடிகளை இரண்டு கையாலும் வைக்கப் பழக்கி,
பட்டாசுக்குப் பஞ்சு அடைத்து.
நூலைப் போல சேலை என்கிறார்கள்.
தறி போட்ட சத்தத்தை
ஒருவரும் கேட்கவில்லையா?

நாளைக்குத் தையல் போட்ட பிள்ளையின் வீட்டுக்கு
இவனையும் கூட்டிக்கொண்டு போகவேண்டும்.
தோடம்பழம் வாங்கவேண்டும்.
மீதி முப்பத்தெட்டு மணிகளை எண்ணவேண்டும்.

இப்போதைக்கு எழும்பிப் போய்
குசினிக் கதவை
வேண்டுமென்றே அடித்துச் சாத்தினேன்.
அவன் திடுக்கிட்டான். நானும்.
மறுகா ஒருதரம்.
மூன்றாம் முறைக்கு அவனைக் கூப்பிட்டேன்.
இடது காதைத் தேய்த்தபடி
எழும்பி வந்தான்.